இரண்டு தரம் விதைத்த சோளக்காடு

என் மனைவி இறந்த ஐந்தாம் நாள் மழை பெய்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்தது, ஐந்து மணிவரை விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சாமியானாவுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அதுவரை அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே மழைக்குத் தாவிவிட்டார்கள். ஒரு உழவு மழை இருக்குமா, காட்டில் ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கும், நாளைக்கு டிராக்டர் கிடைக்குமா என்று ஒரே பேச்சு. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் பக்கம் முழுக்க வானம் பார்த்த காடு. புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்தால் மூன்று நாளைக்குள் சோளம் விதைத்தாக வேண்டும். செத்தவளுக்காக ஈரம் காத்திருக்காது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துக்கம் தாங்காமல் அப்படி ஆகிவிட்டது என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பெருந்தன்மை. பல் பிடுங்கப் போட்ட ஊசி போல உள்ளே எல்லாம் தடித்துக் கிடந்தது, அவ்வளவுதான். காபி கொடுத்தால் குடித்தேன். எழு என்றால் எழுந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் நான் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அந்த வண்டியோடு வடக்கே போனவர்கள்தான். வருஷத்தில் பத்து மாதம் ஊர் ஊராகப் போய் ஓட்டை போடுவோம். மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்து விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுத் திரும்பப் போவோம். ஊரெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் சொந்தக் காட்டில் எண்ணூறு அடி போட்டும் புகைதான் வந்தது. அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்யாத சொந்தக்காரன் இல்லை. ஒன்றரை ஏக்கர் காட்டையும் இரண்டு மாட்டையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை.

அவளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது நான் இமாச்சலத்து மலையில் இருந்தேன். சாதாரணக் காய்ச்சல்தான் என்று அவளே போனில் சொன்னாள். பிறகு அவளால் பேச முடியவில்லை. நான் சேலம் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஐந்தாவது நாள். மூக்கில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நம்புகிறேன். அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தாள். எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை.

கருமாதி முடியும்வரை சாவு விழுந்த வீட்டுக்காரன் விதையைத் தொடக் கூடாது. பங்காளிகளும் தொட மாட்டார்கள். தொட்டால் முளைக்காது என்பார்கள். முளைத்தாலும் ஆகாது என்பார்கள். கருமாதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. எனக்குக் காடு விதைத்தால் என்ன, கிடந்தால் என்ன. ஆனால் கட்டுத்தறியில் இரண்டு மாடு நின்றது. சோளம் வந்தால்தான் தட்டு, அதாவது காய்ந்த சோளத்தண்டு. தட்டு இருந்தால் தைக்குமேல் ஆடிவரை மாட்டுக்குத் தீவனம். தட்டு இல்லையென்றால் இரண்டையும் விற்றுவிட்டுக் கதவைப் பூட்டி நான் ரிக்குக்கே போய்விட வேண்டியதுதான். வண்டி முதலாளி துக்கத்துக்குப் போன் செய்தபோதே, பொங்கல் கழித்து வண்டி கிளம்புகிறது, வருகிறாயா என்று கேட்டுவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் டிரில்லர் இல்லாமல் வண்டி ஓடாது. பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் காலையில் என் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, வாழப்பாடியில் கிணற்றுப் பாசனத்தில் வெள்ளாமை செய்கிறவன். கட்டிக்கொடுத்த அக்காவுக்கு அவன் வீட்டில் தீட்டு மூன்று நாளோடு சரி, அதனால் அவன் விதையைத் தொடலாம். வரும்போதே கடையில் வாங்கிய சோள விதைப் பையும், வழியில் பிடித்த டிராக்டரும் கூடவே வந்தன.

"மாமா, ரோட்டவேட்டர் போடட்டுமா, கலப்பையே போதுமா?" என்று கேட்டான்.

"எதையோ ஓட்டு" என்றேன்.

அவள் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லவும் விட்டிருக்க மாட்டாள். ரோட்டவேட்டர் மண்ணைச் சலித்த மாவாக்கிவிடும்; பார்க்க அழகாக இருக்கும். வடக்கே சமவெளிக் காடுகளில் அந்த அழகைப் பார்த்துவிட்டு நான் ஒரு தடவை போனிலேயே அவளுக்கு யோசனை சொன்னேன். "நீங்க ஓட்டை போடற வேலையப் பாருங்க. மாவாட்டம் இருக்கற மண்ணு ஒரு மழைக்கு அப்பிக்கும், மொளை மேல வராது" என்றாள். அவள் கோடை மழைக்கு ஐந்து கலப்பையில், அதாவது ஐந்து கொழு மாட்டிய டிராக்டர் கலப்பையில், குறுக்கே ஒரு ஓட்டு ஓட்டிக் கட்டியைப் புரட்டிப் போட்டு வைப்பாள். கட்டி கட்டியாகக் கிடந்தால்தான் மழைத் தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்கும் என்பாள். அந்த வருஷமும் சித்திரையில் ஓட்டியிருந்தாள்.

மச்சினன் ரோட்டவேட்டர் போட்டான். ஏக்கருக்கு ஆறு கிலோ கணக்கில் விதைத்து மூடிவிட்டு, சாயங்காலம் என்னிடம் வந்து, "விதைச்சாச்சு மாமா. அளவாத்தான் போட்டிருக்கேன், கதிர் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். நான் கேட்டுக்கொண்டேன். அதாவது, காதில் விழுந்தது.

அதற்கு மறுநாள் விடிந்ததும் பக்கத்துக் காட்டுக்கார அம்மா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். எனக்குப் பங்காளி முறை இல்லை, தங்கை முறை; அதனால் அவருக்கும் தீட்டு இல்லை. என்னை அண்ணா என்பார். அண்ணன் மனைவி என்பதால் என் மனைவியை நங்கை என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் ஒருவர் காட்டு வேலையை மற்றவர் செய்து கொடுத்து இருபது வருஷம் ஓட்டியவர்கள். அவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஏனுங்கண்ணா, காடு ஓட்டியாச்சுங்களா?"

"ஆச்சு அம்மிணி."

"நங்கை எடுத்து வெச்ச வெதை எங்கூட்டுலதானுங்க இருக்குது. போட்டுட்டு வந்தர்றனுங்க."

நான் "ம்" என்றேன்.

விதைத்து மூடிய காடும் வெறுமனே உழுது போட்ட காடும் பார்வைக்கு ஒன்றுதான். அவர் ஒரு டிராக்டரைக் கூப்பிட்டு, ஒன்றரை ஏக்கருக்கும் மாட்டுத் தீவனத்துக்குப் போடுகிற மாதிரி நெருக்கமாக வீசி, ஐந்து கலப்பையில் குறுக்கே ஓட்டி மூடிவிட்டார். ஏக்கருக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. மச்சினன் போட்ட ஆறும் அதற்குள்ளேதான் கிடந்தது. என் வாயில் ஒரே ஒரு வாக்கியம் வந்திருந்தால் போதும். அது வரவில்லை. அது என்னுடைய தப்பு. யாரும் இன்றுவரை என்னை அதற்காகத் திட்டவில்லை.

கருமாதி அன்று காட்டுக்குப் போனேன். கால் வைக்க இடம் இல்லை. நெல் நாற்றங்கால் மாதிரி ஒரே பச்சை. நடுவில், விதைத்த இரண்டாம் நாள், சடசடவென்று ஒரு மழை அடித்திருந்தது. வரப்போரத்தில், இரண்டாவது கலப்பை எட்டாத இடத்தில், மண் அப்பளம் மாதிரி இறுகிக் கிடந்தது. உடைத்துப் பார்த்தால் அடியில் முளை வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது. ஐந்து கலப்பை போன இடத்தில்தான் எல்லாம் மேலே வந்திருந்தது. ஆக, என் மனைவி சொன்னதுதான் நடந்தது. சொல்வதற்கு அவள் இல்லை.

கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். "என்னுங்க மாமா, சோளத்துக்கு நாத்து உட்டு நடப்போறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்தினார்கள். மச்சினன் திகைத்துப்போய், "நான் அளவாத்தானே போட்டேன் மாமா" என்றான். நான் அப்போதுதான் சொன்னேன், இரண்டு பேர் விதைத்தார்கள் என்று. பக்கத்துக் காட்டு அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். ஊரில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அன்று வாயே திறக்கவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு மழை வரவில்லை. இருபத்தைந்து நாள் வரவில்லை. பயிர் முழங்கால் உயரம்கூட வரவில்லை, பத்து மணி வெயிலுக்கே இலையெல்லாம் சுருட்டிக்கொண்டது. இருக்கிற ஈரத்துக்கு அத்தனை வாய்.

குளிர் மலையில் ஒரு கோதுமைக்காரன் காட்டுக்குப் பக்கத்தில் போர் போட்ட நினைவு அப்போது வந்தது. அங்கேயும் வானம் பார்த்த காடுதான். போன அறுப்பின் தாளைப் பிடுங்காமல் நிற்கவிட்டு, நடுவில் லேசாகக் கீறி விதைத்துக்கொண்டிருந்தான். ஏன் உழவில்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். தாள் நின்றால் பனி அதில் தங்கும், பனி உருகினால் அதுதான் தண்ணீர் என்றான். விதையையும் அள்ளி அள்ளிப் போட்டான். அவ்வளவு எதற்கு என்றால், குளிர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் எனக்கு என்றான். பயிர் பக்கத்தில் தளிர் விட்டுத் தூர் வெடிக்கவும் குளிர் விடாதாம். அன்று அதை மனைவிக்குப் போனில் சொன்னேன். "அங்க குளிரே கலைச்சு உட்ருதாக்கும்! இங்க நாந்தான் குனியோணும்" என்று சிரித்தாள். எங்கள் நெருக்கத்தில் பாதி இப்படி விதை, மண் பற்றிய போன் பேச்சுதான். நான் குறைப்படவில்லை, அப்படித்தான் இருந்தது என்று சொல்கிறேன்.

இங்கே குளிர் வந்து நெருக்கமான பயிரைக் கலைத்துவிடாது. மழை பெய்து ஈரம் இருக்கும்போது பயிருக்குள்ளேயே ஏர் ஓட்ட வேண்டும். அதற்கு இடை உழவு என்று பெயர். பாதிப் பயிர் பிடுங்கிக்கொண்டு சாகும், மிச்சப் பாதி வேர் ஊன்றி எழும். மழை இல்லாமல் அதையும் செய்ய முடியாது. தினமும் காலையில் போய் வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். ரிக் முதலாளி இன்னொரு தடவை கூப்பிட்டார். பயிர் போய்விடும் போலிருக்கிறது, வந்துவிடுவேன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

ஐப்பசி நடுவில் ஒரு நாள், பால் கறந்துவிட்டு உள்ளே போனவன் திரும்பி வந்து பார்த்தால் கறுப்பு மாட்டைக் காணோம். முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நேரே சோளக்காட்டுக்குப் போயிருந்தது. வாடி நிற்கிற இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். ஒரு வயிறு தின்றால் விழுந்துவிடும். டாக்டர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும். நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. கயிற்றைப் பிடித்து இழுத்து, வாயில் இருந்ததைக் கையை விட்டு வெளியே இழுத்துப் போட்டேன். இரண்டு வாய்தான் தின்றிருக்கும். இருந்தாலும் மத்தியானம்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்குகிறதா, நுரை தள்ளுகிறதா, கால் மடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பயமாக இருந்தது. அவள் போனதற்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அசை போட ஆரம்பித்ததும் எழுந்து போய்க் கைகால் கழுவினேன். மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது.

அதற்கு நாலாம் நாள் மழை வந்தது. மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் பக்கத்துக் காட்டு அம்மாவே டிராக்டரோடு வந்து நின்றார். டிரைவரிடம் சொல்லி ஐந்து கொழுவில் இரண்டைக் கழற்ற வைத்திருந்தார்.

"ஓட்டச் சொல்றனுங்கண்ணா. பாக்க வெசனமாத்தான் இருக்கும். நீங்க வேண்ணா ஊட்டுல இருங்க."

நான் போய் நின்றேன். டயர் பயிரின்மேல் ஏறியது. கொழு போன தடத்தில் பச்சையெல்லாம் வேரோடு மல்லாந்தது. இரண்டு பேர் எனக்காகப் போட்ட விதை. ஒன்றும் வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால்தான் இந்த உழவே. அன்று முழுக்க அந்த அம்மாவும் நானும் பிடுங்கிய பயிரை அள்ளி, மாடு எட்டாத இடத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டோம். ஒரு வாரம் காடு நோஞ்சானாக நின்றது. அப்புறம் பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் இரண்டு மழை. மார்கழியில் என் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது.

கதிர் பெரிதாக ஒன்றும் இல்லை. குருவிக்குப் போக நாலு மூட்டைகூடத் தேறாது. ஆனால் தட்டு விரல் மொத்தத்தில், மாடு மிச்சம் வைக்காமல் தின்கிற பதத்தில் இருந்தது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அறுத்துக் காயப்போட்டோம். பொங்கல் கழிந்ததும் அந்த அம்மா கட்டுக் கட்ட வந்தார். நான் அறுத்துக் கிடந்த தட்டை அரியரியாக வாரிக் கொடுக்க, அவர் கட்டினார். தட்டுப் போர் வளர்ந்துகொண்டே போனது.

அன்று என் போன் இரண்டு தடவை அடித்தது. ரிக் முதலாளி. எடுக்கவில்லை.

"யாருங்கண்ணா?"

"வண்டிக்காரர். புதன்கிழமை கெளம்பறாங்களாம்."

"போறீங்களா?"

"தட்டு இருக்குது. நல்ல வெலைக்கு மாட்டோட சேத்துக் குடுத்தரலாம். எனக்கென்ன அம்மிணி, எங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

அவர் கட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னிக்கு நான் போறப்பவே காடு வெதைச்சிருந்துதுங்க. வரப்போரம் வெதை கெடந்துது, மருந்து தடவுன கடை வெதை. பாத்துட்டுத்தான் போட்டனுங்க."

நான் அவரையே பார்த்தேன். தெரிந்துமா போட்டீர்கள் என்று கேட்டேன்.

"தெரிஞ்சேதானுங்க. அது கதிருக்குப் போட்டது. ரெண்டு மாட்டுக்கு அது எங்கிங்க பத்தும்? நெருக்கமா வந்தா எடை ஒழவு ஓட்டிக்கலாம், கொறைஞ்சா என்ன பண்றது? நங்கைகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்தவ நான்."

"என்ன வாக்கு?"

"ஆசுபத்திரில சேத்த ரெண்டா நாளு, நீங்க ரயில்ல வந்துட்டு இருக்கறப்ப. அவங்களுக்குப் பேச்சு இருந்துதுங்க அப்ப. எனக்கு எதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா காட்டை நெருக்கமா வெதைச்சுரு அம்மிணின்னாங்க. தட்டு இருந்தா மாட்ட விக்க மாட்டாரு, மாடு இருந்தா மறுக்கா ரிக்குக்குப் போக மாட்டாரு. இத்தன வருசம் அவரு வரட்டும், வரட்டும்னே பாத்துட்டு இருந்தேன், அவரு வந்து இருக்கறப்ப நான் இல்லாட்டிப் போகுது, அவராச்சும் ஊட்டுல இருக்கட்டும்னாங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டை எடுத்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். நான் குனிந்து தட்டை அள்ளினேன். அள்ள முடியவில்லை. அறுத்த காட்டில் அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். கட்டுத்தறியில் இருந்து இரண்டு மாடும் தலையைத் தூக்கிப் பார்த்தன. அந்த அம்மா என்னைத் தேற்ற வரவில்லை. அழுது முடியும்வரை கட்டுக் கட்டிக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை வண்டி போயிற்று. அன்று காலையில் நான் மாட்டுக்குத் தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.